துபாய் ஞாயிறுக்கு ஒரு கணக்கு

துபாய் கிரீக்கின் இந்தக் கரை தேரா, அந்தக் கரை பர்துபாய். நடுவில் உள்ள நீரை அப்ராவில் கடக்க 1 திர்ஹாம். ஒரு படகில் 20 பேர். ஆள் சேர்ந்ததும் கிளம்பிவிடும், சில நிமிடங்களில் அக்கரை. இதே ஊரில் புர்ஜ் கலீஃபாவின் 124ஆம் மாடிக்கு ஏறிப் பார்க்க 150 திர்ஹாமைத் தாண்டிவிடுகிறது. இந்த இரண்டு விலைகளுக்கும் நடுவேதான் இங்கே வேலைக்கு வந்த நம்மவர்களின் விடுமுறை நாள் கிடக்கிறது. பலர் அதை ரூமிலேயே கழித்துவிடுகிறார்கள். கேட்டால், "வெளிய போனா செலவு" என்கிறார்கள். அந்தச் செலவு எவ்வளவு என்று எழுதிப் பார்த்துவிடலாம்.

பணத்துக்கு முன்னால் நேரம். 2006 செப்டம்பரில் இந்நாட்டு அரசு அலுவலகங்களின் வார விடுமுறை வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனிக்கு மாறியது. 2022 ஜனவரி 1 முதல் வெள்ளி அரை நாள் வேலை; சனியும் ஞாயிறும் விடுமுறை. ஷார்ஜாவில் வெள்ளியும் சேர்த்து மூன்று நாள். தனியார் வேலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேர வேலை, குறைந்தது ஒரு நாள் ஓய்வு என்கிறது. கட்டுமானத்திலும் கடைகளிலும் இருக்கும் பலருக்குக் கிடைப்பது அந்த ஒரே நாள். துணி துவைத்து, சமைத்து, வீட்டுக்குப் பேசி முடித்தால் மிஞ்சுவது ஒரு பிற்பகலும் மாலையும். ஞாயிறன்று மெட்ரோவே காலை 8 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும்.

அந்தப் பிற்பகலுக்கு கிரீக் போதும். சில்வர் நோல் கார்டில் மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே மண்டலத்துக்குள் 3 திர்ஹாம், அடுத்த மண்டலம் வரை 5, அதற்கும் மேல் எவ்வளவு தூரமானாலும் 7.50. இறங்கி அரை மணிக்குள் அடுத்த வண்டியில் ஏறினால் அதே பயணமாகவே கணக்காகும். நாள் முழுக்கச் சுற்றுவதானால் 20 திர்ஹாமுக்கு ஒரு நாள் பாஸ். போக 5, வர 5, அப்ரா இரண்டு முறை 2, கரக் டீ 2, சாப்பாட்டுக்கு 15 என்று வைத்தால் மொத்தம் 29. மசாலா சூக்கின் ஏலக்காய் வாசனைக்கும், தங்கக் கடை வரிசைக்கும், சரக்கேற்றி நிற்கும் மரக்கலங்களைக் கரையோரம் நின்று பார்ப்பதற்கும் காசில்லை. துபாயில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். வான்முட்டும் கட்டடங்கள் வரும் முன்பே இந்த ஊர் வணிகத்தால் வாழ்ந்தது என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

அடுத்த வாரம் கிரீக் பார்க் அல்லது ஸபீல் பார்க்: நுழைவு 5, பயணம் 10, சாப்பாடு 15, ஆக 30. இன்னொரு வாரம் ஜுமைரா கடற்கரை. நுழைவு இல்லை, பயணமும் சாப்பாடும் சேர்ந்து 25.

நான்காவது வாரம் அபுதாபி. இப்ன் பதூதாவிலிருந்து இ101 பஸ் 25 திர்ஹாம், திரும்ப 25. அந்த நிலையம் வரை மெட்ரோ 7.50, திரும்ப 7.50. அங்கே உள்ளூர் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் 40 வைத்தால் 105. போக வர மட்டுமே நாலு மணி நேரமாவது போய்விடும். அன்று துணி துவைக்க முடியாது. ஆனால் ஷேக் ஸாயித் பள்ளிவாசலுக்குக் கட்டணமே இல்லை, ஆன்லைனில் முன்பதிவு செய்தால் போதும். 82 குவிமாடங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள். தொழுகைக்கூடத்தில் ஈரானியக் கைவினைஞர்கள் நெய்த ஒரே கம்பளம் மட்டும் 5,627 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர்.

நாலு வாரமும் சேர்த்தால் 189 திர்ஹாம். மாதம் 2,000 திர்ஹாம் வாங்குபவருக்கு இது ஒன்பதரை சதவீதத்துக்குள். அபுதாபியை விட்டுவிட்டால் மூன்று வாரத்துக்கு 84, நாலு சதவீதத்துக்குச் சற்று மேல்.

இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். எதை வாங்கினாலும் மனம் ரூபாயால் பெருக்கிவிடுகிறது. 2014இல் ஒரு திர்ஹாம் 16, 17 ரூபாய். இப்போது 23க்கும் மேல். அபுதாபி பஸ்ஸுக்கான 50 திர்ஹாமை அன்றைய மதிப்பில் பெருக்கினால் 850 ரூபாய்க்குள், இன்று 1,150க்கும் மேல். ஆனால் திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்றே நிற்கிறது. விழுந்தது ரூபாய். சம்பளமும் திர்ஹாமில்தான் வருகிறது. 2,000இல் 50 என்பது அன்றும் இரண்டரை சதவீதம், இன்றும் இரண்டரை சதவீதம். ஊருக்கு அனுப்பும் பணத்தை ரூபாயில் எண்ணுவது சரி. இங்கே செலவழிப்பதைச் சம்பளத்தின் பங்காகத்தான் எண்ண வேண்டும். வாடகை, மெஸ், போன் என்று எழுதும் நோட்டில் "வெளியே" என்று ஒரு வரி இருக்கட்டும் என்று புதிதாக வருகிற தம்பிகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்குப் போகிறவன் இந்தக் கிரீக்கைக்கூடப் பார்க்காமல் போவது எனக்குத் தாங்கவில்லை.

கோடையில் கணக்கு மாறும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. ஊர் சுற்றவும் அதே நேரத்தைத் தவிர்ப்பதே நல்லது. 2023 முதல் ஜுமைராவிலும் உம் சுகைமிலும் இரவிலும் குளிக்க விளக்கு போட்ட கடற்கரைகள் இருக்கின்றன.

ஹத்தா அணைக்குப் போக நாலு பேர் ஒரு கார் பிடிக்கலாம். 2025 ஜனவரி 31 முதல் சாலிக் சுங்கம் மற்ற நாட்களில் நெரிசல் நேரத்துக்கு 6 திர்ஹாம்; சாதாரண ஞாயிறுகளில் 4 மட்டும். பெட்ரோல் விலை மாதாமாதம் மாறும். உங்கள் பங்கைக் காரில் ஏறும்போதே கொடுத்துவிடுங்கள். ஓட்டுகிறவர் கேட்கக் கூச்சப்படுவார்.