தராசும் தண்டனையும்

ஆளையோ வீட்டையோ வாகனத்தையோ சோதனையிடும்போது பொலிஸார் கைக்கொள்ள வேண்டிய முறைகள் சென்ற வாரம் கூறப்பட்டன. தொடரை விடாது வாசிப்போருக்கு அவற்றைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. இவ்வாரம் பிணையைப் பற்றிக் கூறப்படும் என்று வாக்களிக்கப்பட்டிருந்தது. ஆயினும், போதைப்பொருள் வழக்கில் பிணையைத் தரவல்ல நீதிமன்றம் எது என்பதே ஒரு நிறுவைக் கணக்கைப் பொறுத்திருப்பதால், அந்த நிறுவையை முதலில் விளங்கிக்கொள்வது அவசியமாகிறது.

நெல்லியடிப் பொலிஸாரால் ஹெரோயினுடன் கைது செய்யப்பட்டதாகக் கூறப்படும் ஒருவர் முதலில் பருத்தித்துறை நீதவான் நீதிமன்றத்தில் முற்படுத்தப்படுகிறார்; வழக்கு பாரதூரமானதாயின் சட்டமா அதிபர் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்ய, விசாரணை யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் நடைபெறுகிறது. வழக்கின் அடிப்படைச் சட்டம் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டமாகும். 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தம் இதில் 54அ என்னும் பிரிவைச் சேர்த்து, எந்தப் பொருளில் எத்தனை கிராமுக்கு எந்தத் தண்டனை என்பதை ஓர் அட்டவணையாக வகுத்தது. அதன்படி ஹெரோயின் 2 கிராமும் அதற்கு மேலுமாயின் தண்டனை மரணம் அல்லது ஆயுட்காலச் சிறை. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தம் 'ஐஸ்' எனப்படும் மெத்தம்பெட்டமைனுக்கு 5 கிராம் என்னும் எல்லையை இட்டது. 1976க்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பதால் மரண தண்டனை நடைமுறையில் நீண்ட சிறைவாசமாகவே முடிகிறது. 2019இல் நால்வரைத் தூக்கிலிடும் ஆணையில் அன்றைய ஜனாதிபதி கையொப்பமிட்டபோதும் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது.

இந்த 2 கிராம் எந்த 2 கிராம் என்பதிலேதான் எதிர்வாதத்தின் அரைப்பங்கு அடங்கியிருக்கிறது. தெருவில் கைமாறும் ஹெரோயின் தூயதன்று. கலப்புப் பொருள்களே அதிற் பெரும்பகுதியாக இருப்பதுண்டு. பத்தரமுல்லையிலுள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களம், பொதியைப் பெற்றுக்கொண்டதும் அதன் மொத்த நிறையையும், அதனுள் உண்மையில் இருக்கும் ஹெரோயினின் நிறையையும் தனித்தனியே கணித்து அறிக்கையிடுகிறது. பின்னது 'தூய அளவு' எனப்படும். இலங்கையில் குற்றப்பத்திரிகை இந்தத் தூய அளவின் மீதே எழுதப்படுகிறது. பொலிஸ் ஊடக அறிக்கையிலும் மறுநாட் பத்திரிகையிலும் வரும் கிராம் கணக்கு பொதியின் மொத்த நிறையாக இருப்பதால், தலைப்புச் செய்தியைக் கண்டு கலங்கிய குடும்பம் பகுப்பாய்வு அறிக்கை வரும்போது வேறோர் எண்ணைக் காண நேர்வது வியப்பன்று.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இதே தூள் வேறு விதமாக நிறுக்கப்படுகிறது என்பது பலரும் கவனியாத விந்தை. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ், ஹெரோயின் 5 கிராம் வரை 'சிறிய அளவு' என்றும், 250 கிராமுக்கு மேற்பட்டது 'வணிக அளவு' என்றும் வகுக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 4 கிலோகிராம் தூள் பிடிபட்ட ஒரு வழக்கில், அதிலிருந்த ஹெரோயின் 60 கிராம் அளவே என்பதால் அதையே கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2008இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே மத்திய அரசு கலவை முழுவதையும் நிறுக்க வேண்டும் என்று அறிவித்தல் வெளியிட்டது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயம் 2008இன் தீர்ப்பைப் பிழையென்று தள்ளி, அந்த அறிவித்தலின் நிலைப்பாட்டை ஏற்றது. ஆகவே இன்று இந்தியாவில் கலப்படமும் சேர்த்தே நிறுக்கப்படுகிறது.

இதன் விளைவை இரண்டு பொதிகளைக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு 5 வீதம் ஹெரோயின் உள்ள 30 கிராம் பொதியொன்று இராமேசுவரத்தில் பிடிபட்டால், 30 கிராமும் கணக்கில் ஏறி, சிறிய அளவுக்கும் வணிக அளவுக்கும் இடைப்பட்ட வகுப்பில் பத்தாண்டு வரை சிறைக்கு வழி திறக்கும். அதே பொதி வடமராட்சியில் பிடிபட்டால் தூய அளவு ஒன்றரைக் கிராமே ஆகையால் மரண தண்டனை எல்லைக்குள் அது வருவதில்லை. இனி நூற்றுக்கு 60 வீதம் ஹெரோயின் உள்ள 4 கிராம் பொதியை எடுத்துக்கொண்டால் நிலைமை தலைகீழாகிறது. இந்தியாவில் அது சிறிய அளவு. வெறுமனே வைத்திருந்தாலும் விற்றாலும் உச்சத் தண்டனை ஓராண்டு. இலங்கையிலோ அதன் தூய அளவு 2.4 கிராம், மரணம் அல்லது ஆயுட்காலம். சிங்கப்பூரும் தூய அளவையே நிறுக்கிறது என்றாலும் அங்கு மரண தண்டனைக்கான எல்லை 15 கிராம். 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கத்தின் வழக்கில் பேசப்பட்ட 42.72 கிராம் என்பதும் தூய நிறையே. எல்லைகளை வகுத்த எந்த நாடும் மற்றதைப் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை.

நிறுவைக்கு முன்னும் ஒரு நிறுவை உண்டு. கைது செய்யும் குழுவிடம் நுண்ணிய தராசு இல்லாத இடங்களில், பொதி நகை அடகு பிடிக்கும் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பொன் நிறுக்கும் தராசில் நிறுக்கப்பட்டதை மேன்முறையீட்டுத் தீர்ப்புகள் பலவற்றில் காணலாம். தாலிக்கொடி நிறுத்த தட்டிலேயே ஒருவரின் ஆயுளும் நிறுக்கப்பட்டிருக்கிறது. பின்னர் பொதி அரக்கிட்டு முத்திரையிடப்பட்டு, பொலிஸ் நிலையப் பதிவேட்டில் இலக்கமிட்டுப் பதியப்பட்டு, பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டு, நீதிமன்றத்தின் ஊடாகச் சுமார் 400 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பத்தரமுல்லைக்கு அனுப்பப்படுகிறது. கைப்பற்றிய இடத்திலிருந்து பகுப்பாய்வாளரின் மேசை வரையிலான இந்த வழியை நீதிமன்றங்கள் 'உள்நோக்கிய பயணம்' என்று குறிப்பிடுகின்றன. பகுப்பாய்வு முடிந்து பொதி திரும்பும் வழியைவிட இதுவே முதன்மையானது என்றும், ஏனெனில் அறிக்கையின் பெறுமதி இதையே சார்ந்தது என்றும் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் விளக்கியது. போதைப்பொருள் குற்றங்களைப் பாரதூரமாகக் கருதினாலும், சீராக நடத்தப்படாத வழக்கின் இடைவெளிகளை நிரப்ப வழக்குத் தொடுநருக்கு இரண்டாவது வாய்ப்பு அளிக்க முடியாது என்பது நிம்னாஸ் வழக்கில் அதே நீதிமன்றம் எடுத்த நிலைப்பாடு.

ஆகவே இவ்வகை வழக்கில் எதிரித்தரப்புச் சட்டத்தரணியின் வேலை நாவன்மையைக் காட்டுவதன்று. பதிவேட்டின் பக்கங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதாகும். பொதி அன்றிரவு யாருடைய பூட்டில் இருந்தது, நிலையத்தில் இட்ட முத்திரையும் பகுப்பாய்வாளர் கண்ட முத்திரையும் ஒன்றா, இரு நிறைகளுக்கும் இடையே வேறுபாடு இருந்தால் அதற்கு விளக்கம் உண்டா என்பவையே கேள்விகள். இவற்றை எழுப்ப விஞ்ஞானம் அறிந்த சட்டத்தரணி இருப்பது நன்று என்பதற்கு நெல்லியடிக்கு அயலூரான அல்வாயே முன்னுதாரணம் தந்திருக்கிறது. குற்றவியல் வழக்குகளில் பெரும்பெயர் பெற்ற ஜீ. ஜீ. பொன்னம்பலம் கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பில் தேறிய பின்னரே சட்டத்துக்கு வந்தவர். அவருடைய அரசியலை மட்டும் நினைவில் வைத்திருக்கும் வடமராட்சி, இந்தப் பின்னணியை அதிகம் பேசுவதில்லை.

கேள்விகள் இருந்தும் கேட்கப்படாமற் போவதற்கு ஒரு சட்டப் பிரிவே காரணமாகிறது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 420ஆம் பிரிவு, வழக்கின் ஓர் உண்மையை எதிரி ஒப்புக்கொள்ளவும், அதனால் அதை நிரூபிக்கும் தேவை அற்றுப்போகவும் இடமளிக்கிறது. விசாரணையைச் சுருக்குவதற்காகப் பகுப்பாய்வு அறிக்கையையும் பொதியின் வழியையும் எதிரித்தரப்பு இவ்வாறு ஒப்புக்கொண்டுவிட்டால், மேன்முறையீட்டில் முத்திரையைப் பற்றி வாதிட வாய்ப்பு மிகக் குறைந்துவிடும். அவசரத்தில் இடப்படும் இந்தக் கையொப்பமே பல வழக்குகளில் எதிரிக்கு நேரும் பெரிய இழப்பு. எஞ்சுவது எதிரிக்கூண்டில் நின்று சத்தியமின்றிக் கூறும் கூற்று மட்டுமே. இலங்கைச் சட்டம் அதனைச் சான்றாக ஏற்கிறது என்றாலும், சத்தியத்துக்கும் குறுக்கு விசாரணைக்கும் உட்படாத சான்று என்ற குறையுடனேயே அது மதிக்கப்படுகிறது.

பிணையைப் பற்றி விரிவாகக் கூற இவ்வாரம் இடமில்லை. 2022இன் திருத்தத்தின்படி, மரண தண்டனைக்குரிய குற்றமொன்றில் தூய அளவு 10 கிராமோ அதற்கு மேலோ இருப்பின், விசேட காரணங்களின் பேரில் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றமே பிணை வழங்கலாம். அதற்குக் குறைவாயின் மேல் நீதிமன்றத்தை அணுகலாம் என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொண்டாற் போதும். பகுப்பாய்வு அறிக்கை கைக்கு வரும்வரை எந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவது என்று குடும்பத்துக்குத் தெரியாத நிலையும், விளக்கமறியலுக்குச் சட்டம் விதித்துள்ள பன்னிரண்டு மாத எல்லையும், அதை நீடிக்கும் வழியும் அடுத்த வாரம் ஆராயப்படும்.

அதற்கிடையில், விளக்கமறியலில் உள்ள உறவினருக்குச் சட்டத்தரணியை அமர்த்தப் பணமில்லாத வாசகர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை கையளிக்கப்படும் நாளில், மேற்படி சட்டக்கோவையின் 195ஆம் பிரிவின் கீழ் தமக்கு ஒரு சட்டத்தரணியை நியமிக்குமாறு எதிரி நீதிபதியிடம் கோரலாம். அந்தக் கோரிக்கையை எதிரி தன் வாயாலேயே தமிழில் முன்வைக்கலாம். அவ்வாறு நியமிக்கப்படும் சட்டத்தரணியிடம் 420ஆம் பிரிவின் கீழ் எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன் பதிவேடுகளைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.