"முடியாது" என்று சொன்ன நாள்!

உலகில் பல நாடுகள் யுத்தம் முடிந்த நாளைக் கொண்டாடுகின்றன. கிரீஸ் நாட்டிலோ, யுத்தம் தொடங்கிய நாளைக் கொண்டாடுகிறார்கள்!

அக்டோபர் 28-ந் தேதி அங்கே விடுமுறை. தெருவெல்லாம் நீலமும் வெள்ளையும் கலந்த கொடி பறக்கும். பள்ளிப் பிள்ளைகள் அணிவகுத்துப் போவார்கள். அதற்கு "ஓஹி நாள்" என்று பெயர். கிரேக்க மொழியில் "ஓஹி" என்றால் "இல்லை", "முடியாது" என்று அர்த்தம்.

யார், யாரிடம் "முடியாது" என்று சொன்னது?

கதவைத் தட்டிய தூதர்

1940-ம் ஆண்டு. இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கிரீசுக்குப் பக்கத்தில் உள்ள அல்பேனியாவை இத்தாலி முந்தின வருஷமே விழுங்கிவிட்டது.

அக்டோபர் 28-ந் தேதி அதிகாலை மணி மூன்று. ஆதென்ஸ் நகரை அடுத்த கிபிசியாவில் பிரதம மந்திரி மெடாக்சாஸ் தூங்கிக்கொண்டிருந்தார். இத்தாலியத் தூதர் கிராசி வந்து எழுப்பினார். மெடாக்சாஸ் இரவு அங்கியோடு எழுந்து வந்தார்.

தூதர் ஒரு கடிதத்தை நீட்டினார். அது முசோலினியின் உத்தரவு. இத்தாலியப் படை கிரீசுக்குள் வந்து முக்கியமான இடங்களைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கக் கூடாது. காலை 6 மணிக்குள் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தது.

மூன்று மணி நேரத் தவணை! குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்பவர்கூட ஒரு மாதம் கொடுப்பார்!

மெடாக்சாஸ் பிரெஞ்சு மொழியில் பதில் சொன்னார். "அப்படியானால், இது யுத்தம்தான்" என்றார். அது மக்கள் வாயில் ஒரே சொல்லாகச் சுருங்கியது. "ஓஹி!"

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெடாக்சாஸ் ஜனநாயகத் தலைவர் அல்ல. 1936-ம் ஆண்டில் பார்லிமெண்டை மூடிவிட்டு ஆண்ட சர்வாதிகாரி. எதிர்த்தவர்களைச் சிறையில் தள்ளியவர். ஆனாலும், அவரை வெறுத்தவர்களும் அன்று அவர் சொன்ன சொல்லைத் தங்கள் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள்.

தவணை முடியும் வரை இத்தாலி காத்திருக்கவில்லை. அதற்கு முன்பே படை எல்லையைத் தாண்டியது. பிந்தோஸ் மலையில் கடும் குளிர். பாதை கிடையாது. மலைக் கிராமத்துப் பெண்கள் குண்டுகளையும் உணவையும் முதுகில் சுமந்துகொண்டு ஏறினார்கள். சில வாரங்களில் இத்தாலியப் படை பின்வாங்கியது. நவம்பர் 22-ந் தேதி, அல்பேனியாவில் உள்ள கோர்ச்சா நகரையே கிரேக்கர்கள் பிடித்துவிட்டார்கள்!

கொடி எங்கே?

தோற்ற கூட்டாளிக்கு உதவியாக ஹிட்லர் வந்தார். 1941-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி ஜெர்மானியப் படை பாய்ந்தது. மூன்றே வாரம். ஏப்ரல் 27-ந் தேதி ஆதென்ஸ் விழுந்தது.

ஆதென்சின் நடுவே அக்ரோபொலிஸ் என்ற குன்று இருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு 400 ஆண்டுகளுக்கும் முன்னால் கட்டிய கோயில் அதன் மேலே நிற்கிறது. நகரின் பல பக்கங்களிலிருந்தும் அந்தக் குன்று கண்ணில் படும். அங்கே ஜெர்மானியர் தங்கள் ஸ்வஸ்திகா கொடியை ஏற்றினார்கள். காலையில் எழுந்தால் கண்ணில் படுவது அந்தக் கொடிதான்.

இரண்டு மாணவர்களுக்கு அது பொறுக்கவில்லை. ஒருவர் பெயர் மனோலிஸ் கிளேசோஸ். வயது 18. இன்னொருவர் அப்போஸ்தலோஸ் சாந்தாஸ். வயது 19.

அவர்கள் முதலில் தேடியது துப்பாக்கியை அல்ல, புத்தகத்தை! நூல்நிலையத்துக்குப் போனார்கள். அக்ரோபொலிஸ் பற்றி எழுதியிருந்ததைப் படித்தார்கள். குன்றின் ஒரு பக்கத்தில் குகை ஒன்று இருப்பதும், அதன் வழியாக மேலே ஏறலாம் என்பதும் தெரிந்தது.

மே 30-ந் தேதி இரவு. கையில் ஒரு சிறு கத்தி, ஒரு விளக்கு. அவ்வளவுதான். இருட்டில் குகைக்குள் புகுந்து மேலே ஏறினார்கள். கொடிமரத்தை அடைந்து கொடியை இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டு, மிச்சத்தைக் குகைக்குள் இருந்த பாழுங்கிணற்றில் போட்டார்கள்.

பொழுது விடிந்தது. கொடியைக் காணோம்!

செய்தவர்களுக்கு மரண தண்டனை என்று ஜெர்மானியர் அறிவித்தார்கள். ஆனால் செய்தது யார் என்று தெரியவில்லை. முகம் தெரியாத இருவருக்குத் தண்டனை!

பசியும் பழியும்

அடுத்து வந்தது பஞ்சம். விளைந்ததைப் படைகள் எடுத்துக்கொண்டன. வெளியிலிருந்து உணவுக் கப்பல் வராதபடி பிரிட்டிஷ் கடற்படை வழியை அடைத்திருந்தது. 1941-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆதென்ஸ் தெருக்களில் ஜனங்கள் சுருண்டு விழுந்து இறந்தார்கள். அன்னியர் பிடியில் இருந்த ஆண்டுகளில் பசியால் மட்டும் 3 லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று சொல்லப்படுகிறது.

முதலில் உணவு அனுப்பியது யார் தெரியுமா? பழைய பகையாளியான துருக்கி! "குர்துலுஷ்" என்ற கப்பல் தானியம் கொண்டுவந்தது. அந்தப் பெயருக்கு "விடுதலை" என்று அர்த்தம். ஐந்தாவது பயணத்தில், 1942-ம் ஆண்டு ஜனவரியில், அது கடலில் மூழ்கிவிட்டது. பிறகு சுவீடன் நாட்டுக் கப்பல்கள் கனடா கோதுமையைக் கொண்டுவந்தன. இன்று உலகம் முழுவதும் தெரிந்த "ஆக்ஸ்பாம்" என்ற உதவிச் சங்கம், அந்த வருஷம் கிரீசின் பசியைப் போக்குவதற்காக இங்கிலாந்தில் தொடங்கியதுதான்.

மலைகளில் கொரில்லாப் படைகள் கிளம்பின. கம்யூனிஸ்டுகள் நடத்திய படை "எலாஸ்". அவர்களைப் பிடிக்காதவர்களின் படை "எடெஸ்". இரண்டுக்கும் ஆகாது. ஆனால் 1942-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி இரவு இரண்டும் சேர்ந்தன! பாரசூட்டில் குதித்த பிரிட்டிஷ் வீரர்களோடு சேர்ந்து, கோர்கோபோதமோஸ் ரெயில் பாலத்தைத் தகர்த்தார்கள். அதன் பிறகு அந்த இரு படைகளும் அப்படிச் சேரவே இல்லை. ஒன்றையொன்று சுடத் தொடங்கின.

மலையில் சுட்டதற்குப் பழி ஊரில் விழுந்தது. 1943-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி கலாவ்ரிதா என்ற ஊரின் ஆண்களை, பையன்கள் உட்பட, ஒரு மேட்டுக்கு ஓட்டிப்போய்ச் சுட்டார்கள். சுமார் 500 பேர் மாண்டார்கள். அந்த ஊர்த் தேவாலயத்தின் பழைய கடிகாரத்தில் இன்றும் மணி 2-34. அன்று அது நின்ற நேரம்.

எந்தக் குற்றமும் சாட்டாமலே கொல்லப்பட்டவர்களும் உண்டு. சலோனிகா நகரத்து யூதர்களில் 40 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களை அதே ஆண்டில் ரெயிலில் அடைத்து, போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள்.

விடுதலை நாள் ஏன் விழா இல்லை?

1944-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி ஜெர்மானியர் ஆதென்சை விட்டு வெளியேறினார்கள். ஊரே தெருவில் ஆடிப் பாடியது. 16 நாள் கழித்து "ஓஹி நாள்" அரசு விழாவாக நடந்தது.

அந்தச் சந்தோஷம் எட்டு வாரம்கூட நீடிக்கவில்லை. டிசம்பர் 3-ந் தேதி ஆதென்சின் நடுச் சதுக்கத்தில், ஊர்வலம் வந்த இடதுசாரிகள் மீது போலீசார் சுட்டார்கள். தலைநகரம் போர்க்களம் ஆயிற்று. ஒரு பக்கம் எலாஸ். மறு பக்கம் அரசாங்கமும் பிரிட்டிஷ் படையும். பிரிட்டிஷ் படையோடு வந்த இந்திய சிப்பாய்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள்! 1946-ல் உள்நாட்டு யுத்தமே மூண்டது. 1949 வரை அண்ணன் தம்பி அடித்துக்கொண்டார்கள்.

யுத்தம் முடிந்த நாளை எப்படிக் கொண்டாடுவது? யாருக்கு வெற்றி, யாருக்குத் தோல்வி என்ற பேச்சு வந்துவிடும். எல்லோரும் ஒன்றாக நின்ற நாள் அக்டோபர் 28-தான்.

கொடியை இறக்கிய கிளேசோஸ் கம்யூனிஸ்ட். ஜெர்மானியர் விதித்த தண்டனையிலிருந்து தப்பிய அவருக்கு, 1948-ல் சொந்த நாடே மரண தண்டனை விதித்தது! வெளிநாடுகளிலிருந்து கண்டனம் குவிந்தது. தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்தது. சிறையில் இருந்தபடியே 1951 தேர்தலில் ஜெயித்தார். 1954-ல் வெளியே வந்தார். 1958-ல் மறுபடி பிடித்தார்கள். 1967-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மீண்டும் சிறை.

அந்த ராணுவ ஆட்சி 1974-ல் ஒழிந்தது. 2014-ம் ஆண்டு, தமது 91-வது வயதில், கிளேசோஸ் ஐரோப்பிய பார்லிமெண்டுக்குத் தேர்தலில் ஜெயித்துப் போனார்.

அவருடைய தோழர் சாந்தாஸ் 2011-ல் இறந்தார். கிளேசோஸ் 2020-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி, 97 வயதில் காலமானார். அக்ரோபொலிஸ் குன்றின் மேல் கிரேக்கக் கொடியை அரைக் கம்பத்தில் பறக்கவிட்டார்கள்.