மருந்தும் வரைபடமும்

ஏழைக்கு மாத்திரை இனாம்! இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் தோழர்களே, இனாமாய் வந்த மாத்திரையே எமனாக மாறிய கதை ஒன்று உண்டு.

ஆப்பிரிக்காவில், வேகமாய்ப் பாயும் ஆற்றங்கரைகளில் ஒருவகைக் கறுப்பு ஈ. அது கடிக்கக் கடிக்க உடலில் புழு பெருகும். நாளடைவில் கண் அவியும். உழவனைக் குருடாக்கிய இந்த நோய்க்கு ஐவர்மெக்டின் என்ற மருந்தை, வேண்டுமட்டும் இனாமாகத் தருவதாக மெர்க் கம்பெனி 1987-ல் அறிவித்தது. நல்ல காரியந்தான், மறுப்பாரில்லை. ஆனால் 1990-களில், காமிரூன் காட்டுப்பகுதியில் அதை விழுங்கியவர்களில் சிலர் நினைவிழந்தனர். சிலர் மாண்டே போயினர்! காரணம், அங்கே லோவா என்ற இன்னொரு புழுவும் உண்டு. அதன் குஞ்சுப் புழுக்கள் இரத்தத்தில் மிதமிஞ்சி இருப்பவனுக்கு இந்த மருந்து கொடுத்தால், மூளை பாதிக்கப்படுகிறது.

எந்த ஊரில் அது மருந்து, எந்த ஊரில் நஞ்சு? ஊர்தோறும் இரத்தம் சோதிக்க ஆளேது, பணமேது? ஊருக்கு எண்பது பேரை அழைத்து, படத்தைக் காட்டி, ‘உங்கள் கண்ணின் வெண்மையில் இப்படிப் புழு நெளிந்ததுண்டா?’ என்று கேட்டார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் ‘உண்டு’ என்றால் ஆபத்தான ஊர். எழுத்தறியாதவன் வாய்ச்சொல்லே ஆராய்ச்சிச் சாலையாயிற்று! 11 நாடுகளில் 4,798 ஊர்களைக் கேட்டு, 2011-ல் வரைபடம் வெளியாயிற்று.

கேட்காத ஊர்களுக்கு? அங்கேதான் கணக்கு வருகிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒத்திருக்கும். தொலைவு கூடக்கூட ஒற்றுமை குறையும். எவ்வளவு குறைகிறது என்று அளந்துகொண்டு, சுற்றியுள்ள ஊர்களின் விடையிலிருந்து நடுவிலுள்ள ஊரை மதிப்பிடுகிறார்கள். இந்தக் கணக்கு எங்கே பிறந்தது தெரியுமா? தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்திலே! துளையிட்ட சில இடங்களைக் கொண்டு, துளையிடாத இடத்தில் பொன் எவ்வளவு என்று மதிப்பிட 1951-ல் வழி கண்டவர், டானி கிரிகே என்ற பொறியாளர். நிறவெறி ஆட்சியிலே, கறுப்புத் தொழிலாளி வெட்டியெடுத்த பொன்னுக்காகப் போட்ட கணக்கு, கறுப்பு உழவனின் உயிருக்கும் உதவிற்று.

மதிப்பீடு என்றால் ஐயமும் இருக்கும். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துப் பீட்டர் டிக்கிள் குழுவினர் 2007-ல் அதை ஒளிக்காமல், ஆபத்துக்கு வாய்ப்பு எத்தனை பங்கு என்பதையே படமாகப் போட்டார்கள். ஐயமுள்ள ஊருக்கு மீண்டும் போய்க் கேட்கவேண்டும். மேசையிலிருந்து உத்தரவு போடக்கூடாது.

சரி, ஆபத்தான வட்டாரம் என்று கோடு கிழித்துவிட்டு ஒதுங்கினால் போதுமா? காமிரூனில் ஒக்கோலா என்ற இடத்தில் 1999-ல் மருந்தை நிறுத்தினார்கள். ஈ கடிப்பதை நிறுத்தவில்லையே! 2015-ல் மீண்டும் போனார்கள். கைபேசியோடு இணைத்த உருப்பெருக்கியில், விரல் நுனி இரத்தத்தைச் சோதித்தார்கள். வந்தவர் 16,259 பேர். லோவா மிகுந்திருந்த 340 பேருக்கு மருந்து இல்லை என்றார்கள். 15,522 பேர் விழுங்கினர். ஒருவர்கூட நினைவிழக்கவில்லை.