கரிசலில் காடு: கார்பன் கணக்கும் பட்டாக் கணக்கும்

தரிசாகிவிட்ட மானாவாரி நிலத்தில் நாட்டு மரங்களை மீட்டெடுத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு மரத்திலும் மண்ணிலும் தேங்கும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். ஒரு டன் உலர்மரம் ஏறக்குறைய 1.8 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு டன்னுக்கு ஒரு கார்பன் கிரெடிட் எனச் சந்தையில் விலை பேசப்படுகிறது. தமிழ்நாட்டின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் இலக்குடன் 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. காப்புக்காடுகளுக்குள் மட்டும் இந்த இலக்கை எட்டவியலாது. எனவே பார்வை தரிசின்மேல் விழுகிறது.

கோவில்பட்டி வட்டாரத்தில் மானாவாரிப் புஞ்சையையே மக்கள் ‘காடு’ என்பர். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைந்த அக்காடுகள் உழவு நின்றதும் சீமைக் கருவேலத்தின் வசமாயின. அதுவும் கார்பனைச் சேமிக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் அது மூட்டம் போடப்பட்டுக் கரியாகிறது. சேமித்தது நெருப்பில் மீண்டும் காற்றுக்கே போகிறது. வெள்வேலும் உடையும் வன்னியும் வேம்பும் நெடுங்காலம் நின்றால்தான் கணக்கு நிலைக்கும். கோடையில் வெடித்து வேரறுக்கும் கரிசலில் முதல் சில ஆண்டுகள் கன்றுகளைக் காப்பது கடும் உழைப்பு. கருவேலம் வெட்டியும் மூட்டம் போட்டும் பிழைக்கும் நிலமற்றோருக்கு, அவர்களுள் கணிசமான தலித் மக்களுக்கு, அந்த வேலை நிலையான கூலியாகக் கிடைக்க வேண்டும் என்பதே நமது முதல் கோரிக்கை.

இரண்டாவது, நிலம் யாருடையது என்பது. கார்பன் ஒப்பந்தங்கள் பல பத்தாண்டுகள் நீள்பவை. பட்டாவில் பெயருள்ளவரே கையெழுத்திடுவார். 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள், பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறிக் கைமாறிய வரலாற்றை நாம் அறிவோம். எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்த ஊர்களின் நிலை வேறு. அங்கு 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பிறகே ரயத்துவாரி முறை வந்தது. ஆகவே பஞ்சமி என்ற சொல்லை மட்டும் தேடினால் போதாது, பின்னாளில் அரசு நிபந்தனையுடன் வழங்கிய ஒப்படைகளையும் தேட வேண்டும். அத்தகைய நிலத்தில் இன்றைய பட்டாதாரர் நாற்பதாண்டு ஒப்பந்தம் செய்துவிட்டால், மீட்புப் போராட்டத்தின் எதிரில் ஆக்கிரமிப்பாளர் மட்டுமன்றிக் காடும் சந்தையும் நிற்கும். மரத்தை வெட்டாதே என்று நம்மிடமே சொல்வார்கள்.

மேய்ச்சல் புறம்போக்கும் இதில் அடங்கும். சொந்த நிலமில்லாத குடும்பத்தின் ஆடுகளுக்கு அதுவே போக்கிடம். வேலியிட்ட நாளிலேயே அது முடிந்துவிடும்.

ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ‘அ’ பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் ஒப்பிட்டு, அதனைக் கிராம சபையில் வாசித்த பின்னரே கன்று நடும் குழி தோண்டப்பட வேண்டும்.