வளவும் வண்டினமும்

நிலமும் நீரும் எருவும் குறைவின்றி இருந்தும், பூசணிக் கொடியிலே தோன்றிய பிஞ்சுகள் பருக்காது மஞ்சளித்து உதிர்வதை வீட்டுத் தோட்டஞ் செய்வோர் பலர் கண்டிருப்பர். உரம் போதாதென்று கருதி மேலும் உரமிடுவார் சிலர். பூச்சியின் தீங்கென்று கருதி நஞ்சு தெளிப்பார் சிலர். நஞ்சு தெளித்தபின் உதிர்வு குறையாது மிகுவதும் உண்டு. ஏனெனில், அக்கொடிக்கு இல்லாதிருந்தது உரமன்று, வண்டின் வரவே. அவ்வரவு ஏன் குறைந்தது, அதனை நம் வளவுகளுக்கு மீட்டழைத்தல் எங்ஙனம் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூவிற்கும் பூச்சிக்கும் உள்ள உறவை முதன்முதல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டவர் ஸ்பிரெங்கல் என்னும் ஜெர்மானியர். ஸ்பண்டவ் என்னும் ஊரிற் பாடசாலைத் தலைவராயிருந்த அவர், 1793 இல் வெளியிட்ட நூலிலே, பூவின் நிறமும் தேனும் கோடுகளும் பூச்சியை அழைத்தற்பொருட்டே அமைந்தன என்று காட்டினார். அவர் காலத்தவர் அதனைப் பொருட்படுத்தினாரல்லர். பின்னர் டார்வினே அதன் அருமையை உலகறியச் செய்தார்.

பூசணியை நோக்குவோம். ஒரே கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறாக மலர்கின்றன. பெண்பூவின் அடியிற் சிறு பிஞ்சு முன்னமே தோன்றியிருக்கும். வைகறையில் விரியும் இப்பூக்கள் நண்பகலுக்குள் வாடிவிடும். அச்சில மணி நேரத்துள் ஆண்பூவின் மகரந்தமணிகள் பல நூறு பெண்பூவின் குறியைச் சென்றடைதல் வேண்டும். அம்மணிகள் பருத்தவை, ஒட்டுந்தன்மை உடையவை, காற்றிலே பறவா. தேனீ முதலியன பன்முறை வந்து சென்றாலன்றிப் பிஞ்சு காயாகாது. வரவு அரைகுறையாயின் காயும் கோணலாய் நின்றுவிடும்.

இவ்வேலையை எல்லாப் பூச்சிகளும் ஒருபடித்தாய்ச் செய்வதில்லை. கத்தரி, தக்காளிப் பூக்களின் மகரந்தக்கூடுகள் நுனியிற் சிறு துளையுடைய குழல்கள் போன்றவை. காற்றசைவால் மகரந்தம் ஓரளவு உதிருமாயினும், பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச்செய்யும் வண்டினாலேயே அது நன்கு சொரியும். தேனீ அவ்வாறு அதிர்விக்க வல்லதன்று. கருவண்டும், வயிற்றில் நீலப் பட்டைகளுடைய தனிவாழ் ஈயினமும் வல்லன. முருங்கைப் பூவிற்கும் கருவண்டே சிறந்த துணை. புடலின் வெண்பூக்கள் மாலைக்குப்பின் மலர்ந்து, நீண்ட உறிஞ்சுகுழலுடைய விட்டில்களை எதிர்நோக்குகின்றன. பப்பாசிக்கும் அவ்விட்டில்களே உதவுவன. ஆகவே, ஒரு பெட்டியில் தேனீ வளர்த்தலால் மட்டும் தோட்டத்தின் தேவை நிறைவேறாது. பலவகை உயிர்கள் வேண்டும். இலங்கையில் ஏறக்குறைய 150 இனத் தேனீக்களும் அவற்றைச் சார்ந்த ஈக்களும் அறியப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை கூட்டமாய் வாழாது தனித்து வாழ்வன.

இத்துணை இல்லாவிடின் நேர்வது யாது என்பதற்கு வனிலாவின் வரலாறு தக்க சான்று. மெக்சிக்கோ நாட்டுக் கொடியாகிய வனிலா பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்துசமுத்திரத்து ரீயூனியன் தீவிற்குக் கொண்டுவரப்பட்டது. கொடி செழித்தது, பூவும் பூத்தது, காய் மட்டும் நிலையாக வாய்க்கவில்லை. அதன் சொந்த நாட்டு வண்டு உடன் வந்திலது. 1841 இல் எட்மண்ட் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியும் பெருவிரலுங் கொண்டு பூவிற் சேர்க்கை செய்யும் வழியைக் கண்டான். இன்றும் உலகச் சந்தைக்கு வரும் வனிலா பெரும்பாலும் மனிதர் கையாற் பூப்பூவாய்த் தொட்டு விளைவிக்கப்படுவதே. வண்டு விலையின்றிச் செய்யும் வேலையை மனிதன் செய்யப்புகின் அதன் விலை எத்தகையதென்பது இதனாற் புலனாகும்.

ஈண்டு மிகைபடக் கூறுதல் தகாது. நெல், குரக்கன், சோளம் ஆகியன காற்றாலோ தம்முட் சேர்க்கையாலோ விளைவன. வண்டு குறையினும் சோறு குறையாது. எனினும், உலகின் முதன்மையான உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்றிற்கு மேற்பட்டவை ஓரளவேனும் விலங்கினத்தின் சேர்க்கையை வேண்டிநிற்கின்றன என 2016 இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வறிக்கை கூறுகின்றது. சோற்றோடு உண்ணுங் கறியும், பிள்ளைகள் உண்ணும் பழமும் இவ்வகையினவே. நோய் தடுக்கும் சத்துக்கள் மிக்கவையும் இவையே என்பது சிந்தித்தற்குரியது.

இவ்வுயிர்களுக்கு வேண்டுவன மூன்று: ஆண்டு முழுவதும் உணவு; முட்டையிட்டு வாழ உறையுள்; நஞ்சின்மை. யாழ்ப்பாணத்துப் பழைய வளவு இம்மூன்றையும் பெயர் சொல்லாமலே அளித்தது. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் சீமைக்கிளுவையும் ஆடாதோடையும் கலந்த உயிர்வேலி எல்லை மட்டுமன்று. ஆட்டிற்குக் குழையும் தோட்டத்திற்குப் பசளையும் தந்து, வண்டிற்குத் தேனும் தந்தது. தை மாசியிற் சீமைக்கிளுவையும் முள்முருக்கும், பங்குனி சித்திரையில் வேம்பும், அதன்பின் கொன்றையும், மாரியில் ஒழுங்கையோரத்துத் தும்பையும் என முறைமுறையாய்ப் பூத்தன. கிணற்றடிச் செவ்வரத்தைக்குத் தேன்சிட்டு வந்தது. பூசைக்கென நட்ட துளசியும் நந்தியாவட்டையும் அலரியும் இடைவெளிகளை நிரப்பின. கோயில் நந்தவனமும் இவ்வகையில் ஊருக்கெல்லாம் ஒரு தேன்சாலையாக விளங்கிற்று.

வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் மட்டும் போதாது. அதன் புழு உண்ணுதற்குரிய இலை வேண்டும். அவ்விலையும் இனத்திற்கினம் வேறுபடும். தேசி, கறிவேப்பிலை, வில்வம் ஆகியவற்றின் இலையிற் காணும் பறவையெச்சம் போன்ற புழு, கறுப்பும் வெளிர்மஞ்சளுமான அழகிய வண்ணத்துப்பூச்சியாகின்றது. எருக்கிலையை உண்ணும் வரிப்புழு செம்மஞ்சட் சிறகு பெறுகின்றது. அலரியிலும் நந்தியாவட்டையிலும் இலையுண்ணும் பருத்த பச்சைப் புழு, இரவிற் பறந்து தேனுண்ணும் விட்டிலாய் மாறுகின்றது. சிவனுக்கு வில்வமும் பிள்ளையாருக்கு எருக்கும் வளர்த்த நம் முன்னோர், இவ்வுயிர்களுக்கும் உணவு வளர்த்தாராயினர். சில இலைகள் கடியுண்டமை கண்டு புழுவை நசுக்குவோர், வண்ணத்துப்பூச்சியைக் காணோமே என வருந்துதல் பொருந்துமா?

உறையுளைப் பற்றியும் அறிதல் வேண்டும். கருவண்டு காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்து முட்டையிடும். தனிவாழ் ஈக்களிற் பல வெறுநிலத்திலும் மண்சுவரிலும் வளை செய்யும். வேறு சில இலையை வட்டமாய் அரிந்து சென்று துளைகளிற் கூடு சமைக்கும். 2009 இல் போர் ஓய்ந்தபின் எழுந்த புதுவீடுகள் பலவற்றில், வேலி நின்ற இடத்தில் மதிலும், முற்றத்தில் சீமெந்துக் கல்லும் இடம்பெற்றன. பாதுகாப்பும் துப்புரவுங் கருதிச் செய்யப்பட்ட இவற்றைக் குறைகூறுதல் எளிதன்று. ஆயினும், உணவும் உறையுளும் ஒருங்கே மறைந்தன என்பதை மறத்தலாகாது. மதிலின் உட்புறத்தே ஒரு முழ அகலம் மண்ணை வெறுமையாய் விட்டு ஆடாதோடையும் செவ்வரத்தையும் நடலாம். மூங்கில் துண்டுகளை மழை படாத இடத்திற் கட்டித் தொங்கவிடலாம். ஒரு காய்ந்த கட்டையை மூலையிற் கிடக்கவிடலாம். செடி தேரும்போது ஒற்றையிதழ்ப் பூக்களையே விரும்புக. அடுக்குச் செவ்வரத்தை போன்றவற்றில் கேசரங்கள் இதழ்களாகத் திரிந்தமையின், கண்ணுக்கு விருந்தாயினும் வண்டிற்குப் பயன் சிறிதே.

மூன்றாவதாகிய நஞ்சின்மையே முதன்மையானது. பூச்சிநாசினி பகையையும் நட்பையும் பகுத்தறியாது. அழுக்கணவனைத் தின்னும் பொறிவண்டு, மயிர்க்கொட்டியைத் தன் குஞ்சிற்கு இரையாக்கும் குளவி, நுளம்பைப் பிடிக்கும் தும்பி, நத்தையை உண்ணும் செண்பகம் ஆகிய நண்பர்கள் பகையினும் மெல்லவே பெருகுவர். நஞ்சினால் இருசாராரும் மாண்டபின் முதலில் மீள்வது பகையே. மீண்டும் நஞ்சு வேண்டப்படுகின்றது. வீட்டுத் தோட்டத்தில் அழுக்கணவனை நீர் பாய்ச்சிக் கழுவலாம். புழுவைக் கையாற் பொறுக்கலாம். வேப்பம்வித்துக் கரைசலே தெளிப்பினும், வண்டுகள் அடங்கிய மாலையில், பூவிற் படாது தெளித்தல் நன்று.

இவ்வாறு செடி கொடி வளர்த்தலால் நுளம்பும் பாம்பும் பெருகுமென அஞ்சுவாரும் உளர். டெங்கு நுளம்பு பெருகுவது தேங்கிய நீரிலேயாம். தகரப் பேணிகளையும் சிரட்டைகளையும் அகற்றுதல் எவ்வாற்றானும் கடமையே. வண்டிற்கு நீர் வைப்பின், கூழாங்கல்லிட்ட ஆழமற்ற தட்டில் வைத்து நாடோறும் கழுவி மாற்றுக. பற்றைகளை வாயிலுக்கும் நடைபாதைக்கும் அணித்தாய் வளரவிடாது ஒதுக்குப்புறத்தே வைத்தல் போதும். தனிவாழ் ஈக்கள் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டா. கொடுக்கற்ற கொசுத்தேனீயோ கொட்டவே மாட்டாது. பெருந்தேனீயின் கூட்டிற்கு மட்டும் விலகியிருத்தல் வேண்டும்.

மாணவர் இவ்வுண்மையைத் தாமே சோதித்தறியலாம். மறுநாள் மலரவிருக்கும் பூசணிப் பெண்பூக்களில் ஐந்தை மாலையில் மெல்லிய துணிப்பையால் மூடி, ஐந்தைத் திறந்தே விடுக. பூக்கள் வாடியபின் பைகளை நீக்கி, பத்து நாட் கழித்துப் பிஞ்சுகளை எண்ணுக. மூடியவை உதிரும். திறந்தவற்றில் எத்தனை நிலைத்தன என்பது, அவ்வளவிற்கு வரும் வண்டினத்தின் கணக்காகும். பல மாணவர் பல ஊர்களில் ஆண்டுதோறும் இதனைச் செய்து குறித்துவைப்பின், நம் நாட்டின் நிலையை நாமே அறிய ஒரு நல்ல ஏடு உருவாகும்.

பெருங்காடுகளைக் காத்தல் அரசின் கடன். ஒரு வளவைக் காத்தல் ஒவ்வொரு குடும்பத்திற்கும் கைகூடுவது. ஒரு வீட்டுப் பூவிலிருந்து அடுத்த வீட்டுப் பூவிற்குச் செல்லும் வண்டு மதிலை எல்லையாகக் கொள்வதில்லை. ஆதலின், ஒருவர் நட்ட துளசி அயலவரின் பூசணியையும் காய்க்கச் செய்யும். ஒருவர் தெளித்த நஞ்சு அயலவரின் கொடியையும் மலடாக்கும். இவ்வுண்மையை உளங்கொண்டு, நம் வளவுகளிலும் கல்லூரி வளவிலும் ஒரு மூலையையேனும் இச்சிற்றுயிர்களுக்கு ஒதுக்குவோமாக.