ஜெர்மனியில் படித்துக்கொண்டே ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க

முதுகலைப் படிப்புக்கு ஜெர்மனி போகும் மாணவர்கள் விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் ஓராண்டுக்கு 11,904 யூரோ போட்டுக் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் போக மிஞ்சுவதை வைத்துத்தான் ஊர் சுற்ற வேண்டும். இந்தப் பணத்தில் ஐரோப்பாவைப் பார்க்க முடியுமா என்று கிளம்புவதற்கு முன்பே பலர் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். ஆனால் சென்னையிலிருந்து டூரில் வருகிறவர் பார்ப்பது போலப் பார்க்க நினைத்தால் கட்டாது. அவருக்கு விசா சில நாட்களுக்குத்தான். விமான டிக்கெட்டுக்குப் பெரிய தொகை கொடுத்திருக்கிறார். அதனால் இன்று பாரிஸ், நாளை பிரஸ்ஸல்ஸ், மறுநாள் ஆம்ஸ்டர்டாம் என்று ஓடியாக வேண்டும். உங்களுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் கிளம்பி, ஒரே ஒரு ஊரைப் பார்த்துவிட்டு ராத்திரி சொந்த அறையில் வந்து தூங்கலாம். ஓட்டல் வாடகையே கிடையாது. இந்த வசதியை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. அதற்கு முதலில் காகிதங்களைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவிலிருந்து நீங்கள் வாங்கிப் போவது 'டி' வகை தேசிய விசா. போய்ச் சேர்ந்தபின் வெளிநாட்டினர் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் பிளாஸ்டிக் அட்டையாக ரெசிடென்ஸ் பெர்மிட் கிடைக்கும். சில நகரங்களில் அதற்கு மாதக்கணக்கில் ஆகும். விசாவோ அட்டையோ, எது செல்லுபடியாக இருந்தாலும் மற்ற ஷெங்கன் நாடுகளுக்குத் தனி விசா இல்லாமல் போகலாம். கணக்கு இதுதான்: எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் ஜெர்மனிக்கு வெளியே, மற்ற ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்து, 90 நாளுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் இருக்கும் நாட்கள் இதில் சேராது. ஆகவே வார இறுதிகளில் போய் வருகிறவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் இது ஊர் பார்க்கக் கிடைத்த அனுமதி. பக்கத்து நாட்டில் வேலையோ இன்டர்ன்ஷிப்போ செய்ய வேறு அனுமதி வேண்டும்.

ஷெங்கனும் ஐரோப்பிய யூனியனும் ஒன்றல்ல. ஷெங்கனில் இப்போது 29 நாடுகள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன் ஆகியவை யூனியனில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அயர்லாந்தும் சைப்ரஸும் யூனியனில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலும் இல்லை. இருபது யூரோவுக்கு டப்ளினுக்கோ லண்டனுக்கோ விமான டிக்கெட் கண்ணில் பட்டால், அந்த நாட்டு விசா கையில் வந்தபிறகுதான் அதை வாங்க வேண்டும். குரோஷியா 2023-இல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியிலிருந்து சாலை, ரயில் எல்லைகளோடு முழுமையாகச் சேர்ந்துவிட்டன. பழைய பயணக் குறிப்புகளைப் படிக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஷெங்கன் என்ற பெயருக்குரிய ஊரை மாணவர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். செலவும் அதிகமில்லை. ட்ரியர் நகரிலிருந்து மோசெல் ஆற்றை ஒட்டிப் போகும் உள்ளூர் ரயிலில் ஏறி பெர்ல் என்ற கடைசி ஜெர்மன் ஊரில் இறங்குங்கள். வழியெல்லாம் சரிவுகளில் திராட்சைத் தோட்டம். ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஆற்றுப் பாலம். தாண்டினால் லக்ஸம்பர்க் நாட்டின் ஷெங்கன் கிராமம். பெர்லை ஒட்டித் தெற்கே பிரான்ஸ். மூன்று எல்லைகளும் இங்கே சந்திக்கின்றன. இந்த இடத்தில் ஆறு ஜெர்மனிக்கும் லக்ஸம்பர்குக்கும் பொதுச் சொத்து. நடு ஆற்றில் கோடு கிடையாது. 1985 ஜூன் 14 அன்று பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க், பிரான்ஸ், அன்றைய மேற்கு ஜெர்மனி ஆகிய ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் 'பிரின்செஸ் மரி-அஸ்ட்ரிட்' என்ற பயணிகள் கப்பலில், இந்த ஆற்றின்மேல் இருந்தபடிதான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எல்லைச் சோதனைகள் நிஜமாகவே நீங்க இன்னும் பத்தாண்டுகள், 1995 வரை, ஆயின. தூதரக வாசலில் கைரேகை கொடுத்து, வங்கிக் கணக்கு காட்டி, விசாவுக்குக் காத்திருந்து வந்த நம் மாணவர் ஒருவர் அந்தப் பாலத்தைக் கேள்வி கேட்பாரின்றி நடந்து கடப்பது சின்ன விஷயமில்லை. லக்ஸம்பர்க்கில் 2020 முதல் பஸ், டிராம், ரயிலின் இரண்டாம் வகுப்பு எல்லாமே இலவசம் என்பதால், தலைநகரையும் அன்றே பார்த்துவிட்டு வரலாம்.

கேள்வி கேட்பாரில்லை என்றதும் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. ஆஸ்திரியப் பக்கத்தில் 2015-லிருந்தே நடக்கிறது. சால்ஸ்பர்க்கிலிருந்து மியூனிக் திரும்பும் ரயிலில் போலீஸ் ஏறி ஒவ்வொருவரிடமும் ஆவணம் கேட்பது சாதாரணம். அசல் பாஸ்போர்ட், அசல் அட்டை இரண்டும் வேண்டும். போனில் உள்ள படம் செல்லாது. ஷெங்கனை விட்டு வெளியே போய்த் திரும்பும்போதும் இரண்டையும் சேர்த்தே நீட்டுங்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவுப் பதிவு முறை குறுகிய காலம் வந்து போகிறவர்களுக்கானது. ரெசிடென்ஸ் பெர்மிட் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு.

அட்டை காலாவதியாகும் தறுவாயில் வருவதுதான் உண்மையான சிக்கல். காலாவதியாகும் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்தால், புது அட்டை வரும்வரை ஒரு தற்காலிகச் சான்று தருவார்கள். ஜெர்மனில் 'ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்' என்று நாக்கு சுளுக்கும் பெயர் அதற்கு. அதில் சட்டத்தின் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 81(4) என்றால் பழைய உரிமைகள் தொடர்கின்றன. வெளியே போய்த் திரும்பலாம். 81(3) என்றால் நாட்டில் இருக்கலாம், ஆனால் வெளியே போனால் அதை வைத்துத் திரும்ப வர முடியாது. 81(4) இருந்தாலும், அந்தக் காகிதத்தைப் பார்த்தறியாத விமான நிலைய ஊழியர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்களில் விமானப் பயணத்தை ஒத்திப்போட்டு ஜெர்மனிக்குள் சுற்றுவதே நல்லது.

உள்ளுக்குள் சுற்றவும் நிறைய இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமான 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' இப்போது 63 யூரோ. ஒப்பந்தம் போட்டுள்ள பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்கு இதே டிக்கெட் அறுபது சதவீத விலையில், செமஸ்டர் கட்டணத்தோடு சேர்ந்தே வந்துவிடும். நாடு முழுவதும் உள்ளூர் பஸ், டிராம், மெட்ரோ, ஆர்.இ., ஆர்.பி., எஸ்-பான் ரயில்கள் எல்லாவற்றிலும் செல்லும். ஐ.சி.இ., ஐ.சி. போன்ற வேக ரயில்களில் செல்லாது. அவசரம் இல்லாதவருக்கு அது ஒரு குறையே இல்லை. எல்லை தாண்டிச் சில ஸ்டேஷன்கள்வரையும் இந்த டிக்கெட் போகும்: மியூனிக்கிலிருந்து ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்வரை ஏறக்குறைய இரண்டு மணி நேரம், ஃபிரைபுர்க் பக்கம் படிப்பவர்களுக்கு பாஸல் பாடிஷர் ஸ்டேஷன்வரை. சுவிஸ் மண்ணில் இருந்தாலும் அது ஜெர்மன் ரயில்வேயின் ஸ்டேஷன். டார்ட்மண்ட், எஸ்ஸன் வட்டாரத்தில் இருப்பவர்கள் ஹாம் நகருக்குப் போனால், ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயிலைப் பார்க்கலாம், ராஜகோபுரத்தோடு நிற்கிறது.

முதல் செமஸ்டரில் இதுவே போதும் என்பது என் கருத்து. ரயில் நிலையப் பலகை, பிளாட்பார மாற்றம், தாமத அறிவிப்பு எல்லாம் பழகிவிடும். மாணவர் டிக்கெட் அல்லாத மற்ற டிக்கெட்டுகளில் பல ஊர்களில் ஏறும் முன் மெஷினில் முத்திரை குத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். குத்தாத டிக்கெட் இல்லாத டிக்கெட்டுக்குச் சமம். ஜெர்மனியில் அபராதம் 60 யூரோ.

தூரப் பயணத்துக்கு மூன்று வழி. பஸ் மலிவு. ஜெர்மனியில் ரயில்வேயைக் காக்க இருந்த பழைய சட்டம் 2013-இல் தளர்ந்த பிறகுதான் வெளியூர் பஸ்கள் பெருகின. பச்சை நிற ஃபிளிக்ஸ்பஸ் அப்படி வளர்ந்ததுதான். இரவுப் பயணமானால் ஒரு நாள் தங்கும் செலவும் மிச்சம். விமானம் மலிவாகத் தெரியும், ஆனால் ஏர்போர்ட் எங்கே என்று மேப்பில் பாருங்கள். ஃபிராங்க்ஃபர்ட் ஹான் என்ற விமான நிலையம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். மியூனிக் பெயரில் விற்கப்படும் மெமிங்கன் நூறு கிலோமீட்டருக்கு மேல். பஸ் கட்டணத்தையும் பைக்கான கட்டணத்தையும் சேர்த்தால் மலிவு போய்விடும். சில மலிவு விமான நிறுவனங்கள் ஐரோப்பியக் குடிமக்கள் அல்லாதவர்களின் ஆவணத்தை, பாதுகாப்புச் சோதனைக்கு முன் கவுன்டரில் காட்டிச் சரிபார்க்கச் சொல்வதும் உண்டு. நேராக கேட்டுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ரயிலில் சீக்கிரம் வாங்கினால் விலை குறைவு, ஆனால் அந்த டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான். ஜெர்மனியில் அந்த ரயிலால் போய்ச் சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் கட்டுப்பாடு நீங்கிவிடும். வேறு ரயிலில் ஏறலாம். ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணிக்கு 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும். கேட்டால்தான் கிடைக்கும், எனவே கேளுங்கள்.

ஒரு பெரிய சுற்று போக நினைப்பவர்களுக்கு இன்டர்ரெயில் பாஸ். 1972-இல் தொடங்கியது, 27 வயதுவரை இளைஞர் கட்டணம். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கானது இது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் வாங்குவது யூரெயில். இந்திய பாஸ்போர்ட் இருந்தாலும், வசிப்பதற்கான ஆதாரம் கையில் இருக்கும் மாணவர் இன்டர்ரெயிலே வாங்கலாம். ஆனால் வசிக்கும் நாட்டுக்குள் கிளம்ப ஒரு பயணம், திரும்ப ஒரு பயணம் மட்டுமே அதில் அனுமதி. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் வேக ரயில்களிலும், ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் போன்ற இரவு ரயில்களிலும் இருக்கைக்கோ படுக்கைக்கோ தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, பெல்ஜியம், நெதர்லாந்தின் பெரும்பாலான பகல் ரயில்களில் அது தேவையில்லை. ஆகவே பாஸ் வாங்கினால் ஆஸ்திரியா, பெல்ஜியம், நெதர்லாந்து பக்கம் போவது லாபம். பிப்ரவரி நடுவில் வகுப்பு முடிந்து ஏப்ரல் நடுவில் அடுத்த செமஸ்டர் வகுப்புகள் தொடங்கும். இடையில் தேர்வும் வரும் என்பதால் மார்ச் பின்பாதிதான் நிஜமான விடுமுறை. ஈஸ்டர் வாரத்தைத் தவிர்த்தால் ஹாஸ்டல் வாடகையும் கோடைக்காலம் அளவுக்கு இருக்காது.

அந்த பிளாஸ்டிக் அட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு, பலருக்குத் தெரியாமலே போகிறது. பாரிஸின் லூவ்ர், ஓர்சே, வெர்சாய் அரண்மனை போன்ற பிரெஞ்சு அரசு அருங்காட்சியகங்களில், ஐரோப்பிய யூனியனில் வசிக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு, குடியுரிமை எதுவானாலும், நிரந்தரக் காட்சிக்கு அனுமதி இலவசம். சுற்றுலாப் பயணி வரிசையில் பணம் கட்டும்போது நீங்கள் ரெசிடென்ஸ் பெர்மிட்டைக் காட்டி உள்ளே போகலாம். நேரத்தை மட்டும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேவுக்குத் திங்கள். மாட்ரிட்டின் பிராடோவில் 18 முதல் 25 வயதுவரை உள்ள மாணவர்களுக்கு இலவசம். இத்தாலியில் விதி வேறு: இளைஞர்களுக்கான 2 யூரோ சலுகை யூனியன் குடிமக்களுக்குத்தான், வசிப்பவர்களுக்கு இல்லை. அங்கே மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் எல்லோருக்கும் இலவசம் என்பதால் அதற்கேற்பத் திட்டமிடலாம்.

சாப்பாட்டுக்கு சூப்பர் மார்க்கெட்தான் துணை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பாரிஸில் வாய்க்கு ருசியாக வேண்டுமென்றால் கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து லா ஷபெல் பக்கம் நடந்து போங்கள்; ஈழத் தமிழர்களின் கடைகளில் தோசையும் கொத்து ரொட்டியும் கிடைக்கும். யூரோ இல்லாத செக், ஹங்கேரி, போலந்து போன்ற நாடுகளில் ஏ.டி.எம். 'யூரோவில் கழிக்கட்டுமா' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லி உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் மோசமான மாற்று விகிதத்தில் பணம் போகும்.

ஜெர்மன் அரசுக் காப்பீட்டு அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை அச்சாகியிருக்கும். மற்ற யூனியன் நாடுகளில் திடீரென்று உடம்புக்கு வந்தால், அந்த நாட்டு அரசு மருத்துவமனையில் அதைக் காட்டலாம். ஆனால் யூனியன் குடிமக்கள் அல்லாதவர்கள் டென்மார்க், சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன் ஆகிய நாடுகளில் இதைப் பயன்படுத்த முடியாது. ஆல்ப்ஸில் மலையேறப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தனியார் காப்பீடு எடுத்த மாணவர்களிடம் இந்தப் பின்பக்க அட்டையே இருக்காது. இவர்கள் எல்லோரும் ஒரு பயண மருத்துவக் காப்பீடு வாங்கிவிட்டுக் கிளம்புவதுதான் பாதுகாப்பு. போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எதுவானாலும் யூனியன் முழுக்க எண் 112. சுவிட்சர்லாந்திலும் அதே எண்தான்.