மலையும் சேர்ந்ததே கள்ளக்குறிச்சி

உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் களமருதூரில் பிறந்து, அங்கேயே கழனியும் கொல்லையும் பார்த்து, எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். பிறக்கும்போது அவர் தென்னாற்காடு மாவட்டத்துக்காரர். 1993 செப்டம்பர் 30-ல் விழுப்புரம் மாவட்டத்துக்காரர் ஆனார். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர். கலெக்டரிடம் மனு கொடுக்க முதலில் கிழக்கே கடலூருக்குப் போனார், பிறகு வடக்கே விழுப்புரத்துக்கு. இப்போது மேற்கே கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறுகிறார். இத்தனைக்கும் அவர் வீடு மாறவில்லை. பேசும் பேச்சும் கும்பிடும் சாமியும் கட்டிக்கொடுத்த உறவும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

"உங்களுக்கு எந்தப் பக்கம்?" என்று சென்னையில் கேட்டால், இந்த மண்ணின் பிள்ளைகள் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள். கொங்குக்காரருக்கும் நெல்லைக்காரருக்கும் அந்த யோசனை தேவைப்படுவதில்லை. கள்ளக்குறிச்சிக்காரருக்கு மட்டும் ஏன் தேவைப்படுகிறது?

இரவல் பெயர்கள்

1801-ல் கர்நாடக நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த மாவட்டத்துக்குத் தென்னாற்காடு என்று பெயர் வைத்தார்கள். ஆற்காடு நகரமோ அந்த மாவட்டத்துக்குள் இல்லை. வடக்கே, இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. நவாபின் தலைநகரை வைத்து, அதற்குத் தெற்கே உள்ள பகுதி என்று மட்டும் குறித்த பெயர் அது. இரு நூற்றாண்டுக்கு அருகில் அந்த இரவல் பெயரைத்தான் இப்பகுதி சுமந்தது. 1993-ல் பிரித்தபோது ஒரு பாதிக்கு வள்ளலார் பெயரும் மறுபாதிக்கு இராமசாமி படையாட்சியார் பெயரும் சேர்ந்தன. மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்று 1997-ல் அரசு முடிவெடுத்தபோது அவையும் போயின.

ஆனால் இந்த மண்ணுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு: நடுநாடு. தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் நடுவே, தென்பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் பாயும் நிலம். திருமுனைப்பாடி நாடு, மலையமான்களின் நாடு, வாணகோவரையர் ஆண்ட மகதை நாடு எல்லாம் இதற்குள் அடக்கம். தேவாரப் பாடல் பெற்ற தலங்களை வகுத்தவர்கள் நடுநாட்டுக்கென்று 22 தலங்களைத் தனியே எண்ணியிருக்கிறார்கள். வைணவத்தின் 108 திவ்ய தேசங்களிலும் நடுநாட்டுக்கு இரண்டு உண்டு: திருக்கோவிலூரும் திருவஹீந்திரபுரமும்.

களமருதூர் இருக்கும் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். சுந்தரர் பிறந்த திருநாவலூர் இங்கே இருக்கிறது. சமணர்கள் இன்றும் வழிபட வரும் திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதர் கோயிலும், அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் கூவாகமும் இங்கேதான். சற்று வடக்கே போனால் திருக்கோவிலூர். பாரி மகளிரை ஒப்படைத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியை, இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் சொல்கிறது. அருகிலுள்ள ஜம்பையில் 1981-ல் கண்டெடுத்த தமிழி எழுத்துக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் சங்கப் பாட்டிலிருந்து வரலாற்றுக்குள் கொண்டுவந்து நிறுத்தியது.

இவ்வளவு இருந்தும் நடுநாடு என்ற பெயர் ஏன் பேச்சில் நிலைக்கவில்லை? கொங்குக்குக் கோவை இருக்கிறது, பாண்டி நாட்டுக்கு மதுரை இருக்கிறது. இங்கே கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம், விழுப்புரம், திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி என்று நடுத்தர ஊர்களே பலவாகப் பரந்து கிடக்கின்றன. எல்லாரையும் தன் பக்கம் இழுக்கும் ஒரு பெருநகரம் எழவில்லை. அப்படி வளர்ந்திருக்கக்கூடிய புதுச்சேரியோ பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், இன்றும் தனி ஆட்சிப் பகுதியாக நிற்கிறது. தலைமையிடமும் மாறிக்கொண்டே வந்ததால், மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் விதமும் மாறிக்கொண்டே வந்தது.

பேச்சும் திருவிழாவும்

எல்லைக்கோடு போட்டவர்கள் கவனிக்காததைப் பேச்சு காப்பாற்றி வைத்திருக்கிறது. மற்ற ஊர்களின் வேர்க்கடலை இங்கே மல்லாட்டை. புன்செய் நிலம் கொல்லை. விருத்தாசலம் பகுதியைச் சேர்ந்த எழுத்தாளர் கண்மணி குணசேகரன் இப்படிப்பட்ட சொற்களை ஊர் ஊராகச் சேர்த்து 'நடுநாட்டுச் சொல்லகராதி'யைத் தந்தார். கரிசல் சீமைக்குக் கி.ராஜநாராயணன் செய்த தொண்டை, பல்கலைக்கழகம் எதுவும் முன்கை எடுக்காத நிலையில் தன் மண்ணுக்கு இவர் செய்தார். 1994-ல் 'கோவேறு கழுதைகள்' நாவலோடு வந்த இமையம் இந்த மண்ணின் மொழியிலேயே எழுதி, 2020-க்கான சாகித்ய அகாடமி விருதைப் பெற்றார். நடுநாடு என்ற பெயருக்கு நம் காலத்தில் உயிர் கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

திருவிழாக்களையும் பாருங்கள். சித்திரைப் பௌர்ணமிக்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் கூவாகம் வருகிறார்கள். தொலைக்காட்சிகள் விழுப்புரத்தில் நடக்கும் அழகிப் போட்டியைக் காட்டுகின்றன. அதோடு ஒரு நாள் செய்தி முடிந்துவிடுகிறது. ஆனால் அரவானைக் கூத்தாண்டவர் என்று கும்பிடும் இந்தத் திருவிழா 18 நாள் நடப்பது. அரவானின் உருவத்துக்கான பாகங்களைச் சுற்றுவட்டார ஊர்கள் பங்கிட்டுக் கொண்டுவருகின்றன. வேண்டுதல் வைத்த குடியானவர்களும் திருநங்கைகளோடு வரிசையில் நின்று தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் களப்பலி முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து அழுது தாலி அறுக்கிறார்கள். உலகம் ஒதுக்கிய மனிதர்களுக்குத் தம் குலசாமியின் சந்நிதியில் இந்தக் கிராமங்கள் இடம் கொடுத்திருக்கின்றன. இந்த மண்ணின் குணத்தைச் சொல்ல இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

மேற்கே நிற்கும் மலை

அதே மண், மேற்கே நிற்கும் கல்வராயன் மலைமக்களுக்கு அந்த இடத்தைக் கொடுத்ததா? இங்கேதான் நம் பெருமிதம் தடுமாறுகிறது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன். வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என்பார்கள். பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பதும், அண்ணன் தம்பி மூவர் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்பதும் அவர்களிடையே வழங்கும் கதை. சமவெளி ஜமீன்களை ஒழிக்க 1948-ல் சட்டம் வந்தது. மலையிலோ சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சி 1976 வரை நீடித்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்த பிறகும் இந்த மக்கள் ஜாகீர்தாருக்கு வரி கட்டினார்கள், கூலியில்லாமல் உழைத்தார்கள்.

ஒரே மலை இன்றும் இரண்டு மாவட்டமாகக் கிடக்கிறது. கருமந்துறைக்காரர் சேலம் மாவட்டம், வெள்ளிமலைக்காரர் கள்ளக்குறிச்சி மாவட்டம். புதிய மாவட்டத்தில் கல்வராயன்மலை தனி வட்டமாகி, வெள்ளிமலை அதன் தலைமையிடமானது. நல்ல தொடக்கம். ஆனால் தாலுகா அலுவலகம் வந்ததாலேயே மலையும் சமவெளியும் ஒன்றாகிவிடவில்லை.

கீழே உள்ளவர்கள் மலைக்கு எவ்வளவு கடன்பட்டவர்கள் என்பதைக் கோமுகி ஆறு சொல்லும். கல்வராயனில் பிறந்து, கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கி, கீழேயுள்ள வயல்களுக்குப் பாய்ந்து, மணிமுக்தாவோடு கலந்து வெள்ளாற்றில் சேர்கிறது. கச்சிராயபாளையத்துக் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பில் மலையின் தண்ணீர் இருக்கிறது. மலையில் விளையும் மரவள்ளியும் கடுக்காயும் கீழே இறங்கித்தான் விலையாகின்றன. தண்ணீரையும் விளைச்சலையும் நம்முடையவை என்று எடுத்துக்கொண்ட சமவெளி, மனிதர்களை மட்டும் 'மேலே இருப்பவர்கள்' என்றே பேசிப் பழகிவிட்டது.

செய்தி தரும் முகம்

2022 ஜூலையில் கனியாமூரில் ஒரு மாணவியின் மரணத்தை அடுத்துக் கலவரம் வெடித்தபோது கள்ளக்குறிச்சி என்ற பெயர் நாடெங்கும் ஒலித்தது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது மறுபடி ஒலித்தது. அந்தச் சாவுகளை அடுத்து எல்லார் கண்ணும் கல்வராயன் பக்கம் திரும்பியது. 'சாராய மலை' என்ற வசை சுலபமாக வாயில் வந்தது. ஆனால் கருணாபுரத்தில் உயிர் குடித்த மெத்தனால் மலையில் காய்ச்சியதன்று. ஆலைகளின் பயன்பாட்டுக்கான வேதிப்பொருள் அது. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்நிலையைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்து, சாலை, மருத்துவம், பள்ளி பற்றி அரசைக் கேள்வி கேட்டது. ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை.

ஓர் ஊர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளாவிட்டால், அதன் கேடுகாலத்தை வைத்து மற்றவர்கள் அதற்குப் பெயர் வைத்துவிடுவார்கள். 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜம்பைக் கல்வெட்டைப் பார்த்த உள்ளூர் மாணவர்கள் எத்தனை பேர்?

செய்ய வேண்டியவை

இந்தப் பகுதியைப் பற்றி ஆராய வருபவர்கள் இன்னமும் 1906-ல் டபிள்யூ.பிரான்சிஸ் என்ற ஆங்கில அதிகாரி எழுதிய தென்னாற்காடு விவரச்சுவடியைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். கள்ளக்குறிச்சிக்கென்று ஒரு விவரச்சுவடி தமிழில் வரவேண்டும். அதை எழுதும் குழுவில் வெள்ளிமலையின் பட்டதாரிகளும் கூவாகத்துப் பூசாரிகளும் தெருக்கூத்து வாத்தியார்களும் உட்கார வேண்டும். மாவட்ட அருங்காட்சியகத்தில் சோழர் காலச் சிலைகளுக்குக் கொடுக்கும் அதே மரியாதையை மலைமக்களின் சாமை உரலுக்கும் விதைக்கூடைக்கும் கொடுக்க வேண்டும். மலையாளி மக்களின் வாய்மொழிக் கதைகளை, சொல்ல வல்ல முதியவர்கள் இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும். நடுநாட்டுச் சொற்கள் மாவட்டப் பள்ளிகளில் கொச்சையாக அல்லாமல் பாடமாக ஒலிக்க வேண்டும்.

மாவட்டம் பிரிப்பதை நிர்வாக வசதி என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் கூடுதல் வேலையாகத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. தென்னாற்காட்டில் நாம் ஆற்காட்டின் தெற்காக இருந்தோம், விழுப்புரத்தில் அதன் மேற்காக இருந்தோம். தன் பெயரில் தானே நடுவாக நிற்கும் வாய்ப்பு இப்பகுதிக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அந்த நடுவில் களமருதூரின் குடியானவருக்கும், கருணாபுரத்தில் கணவனை இழந்தவளுக்கும், வெள்ளிமலையின் மரவள்ளி விவசாயிக்கும் சமமான இடம் இருக்கும்போது, எந்தப் பக்கம் என்று யார் கேட்டாலும் நம் பிள்ளைகள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். மலையை வெளியே நிறுத்திவிட்டுக் கட்டும் எந்தப் பெருமையும் கள்ளக்குறிச்சிக்கு அடையாளமாகாது.